ஆமை சாப்பிடாத மார்கழி

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாமிக்கு நேரில் நன்றி சொல்லக் கூச்சப்பட்டே காலம் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் அந்த வைஷ்ணவ மாமியின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். மீன், கறி வாசலுக்குள்ளேயே வரக்கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்திருந்தார். அப்பா முக்கொம்பு அணையிலிருந்து எனக்கு உள்ளங்கை அளவு ஆமைக்குட்டி ஒன்று கொண்டுவந்தார். பிளாஸ்டிக் பேசினில் வளர்த்தோம். அது கீரையைத் திரும்பியும் பார்க்காது. நெத்திலிக் கருவாடுதான் வேண்டும். அப்பா அதைக் காகிதத்தில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் திருடன் போல வருவார்.

மார்கழி பிறந்ததும் ஆமை தின்பதை நிறுத்தியது.

"ஸ்ரீரங்கத்து ஆமையாச்சே, வைகுண்ட ஏகாதசி விரதம்டா," என்றார் அப்பா. நம்பினேன். ஏகாதசி முடிந்து, துவாதசியன்று தெருவே அகத்திக்கீரையோடு சாப்பிட்டது. ஆமை வாயைத் திறக்கவில்லை.

"செத்துகித்து வைக்கப் போகுது. ஞாயித்துக்கெழமை கொள்ளிடத்துல விட்டுடுவோம்," என்றார் அப்பா.

கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் இறைக்க வந்த மாமி வாளியைக் கீழே வைத்தார்.

"எங்க அம்மாவாத்துக் கிணத்து ஆமையும் இப்படித்தான். குளிர்ல அதுக்குப் பசிக்காதுடா. தை பொறக்கட்டும். அப்பாட்ட நான் சொல்லிக்கறேன்."

அப்பா ஒத்துக்கொண்டார். அன்று முதல் நான் பள்ளிக்கூடம் போனபின் பேசினைத் தூக்கி வெயிலில் வைத்தது மாமிதான்.

தை பிறந்தும் குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஒரு நாள் மாலை வீடு திரும்பினால், மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, துடைப்பக்குச்சி நுனியில் ஒரு நெத்திலியைக் குத்தி நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஜன்னலில் ஒளித்திருந்த பொட்டலம் பக்கத்தில் பிரிந்து கிடந்தது. கதவோரத்தில் ஒதுங்கினேன். ஆமை கழுத்தை நீட்டிக் கவ்வியது.

"சாப்டுடுத்துடா," என்றார் மாமி. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வாசனை ஐப்பசிலேர்ந்தே வந்துண்டுதான் இருக்கு. அப்பாட்ட சொல்லிடாதே. பாவம், மறைக்கறதுக்கு எவ்ளோ சிரமப்படறார்."

கிணற்றடிக்குப் போய், கட்டிய புடவையோடு தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டார். விடியுமுன் ஒரு முறை, பேசினைத் தொட்டபின் ஒரு முறை, இப்போது மறுபடியும். மாமிக்குக் குளிப்பதென்றால் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் ஆமையிடம் ஓடினேன்.

இதை எழுதி முடித்தது மார்கழி இருபதாம் தேதி, வெயில் வந்தபிறகு.