கொலுக் குளமும் உத்தமனின் நோட்டுப் புத்தகமும்

கல்கத்தா பவானிபூரிலிருந்து டெங்குக் கொசுவை ஒழித்தவள் நான். ஒற்றை ஆளாக, கையில் ஒரு முறமும் ஒரு சட்டி வேப்பிலைப் புகையுமாக எங்கள் சந்தின் முனையில் நின்றேன். அத்தனை கொசுவும் கூட்டமாகக் கிளம்பி கங்கையைத் தாண்டி ஹௌராவுக்கு ஓடிப்போயிற்று. கார்ப்பரேஷன்காரர்கள் மாலையோடு வந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன்.

இதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. உண்மை என்னவென்றால், போன வருஷம் நவராத்திரியில் எங்கள் கூடத்தில், அம்பாளின் காலடியில், நான் கொசு வளர்த்தேன்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு நம்மவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பாங்க் மேனேஜராக இருந்தவர், கச்சேரி செய்தவர் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் உத்தமனைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். யார் அவர் என்று கேட்டார்கள். அவரைப் பற்றி எழுதினால் அந்தக் கொசுவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதனால்தான் முதல் பாராவில் முறம், மாலை என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

உத்தமனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், கிதிர்பூர் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தார். பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் பெங்காலி, கோபம் வந்தால் இந்தி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா போய்விட்டார். படிப்பும் போயிற்று. வடக்கு இருபத்துநாலு பர்கானா கிராமங்களில் அடிகுழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் விஷம் எவ்வளவு என்று ஒரு ஆராய்ச்சி நிலையம் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டில் தூக்க ஆள் வேண்டும், பத்து நாள் வேலை என்று யாரோ சொல்ல, உத்தமன் போனார். அந்தப் பத்து நாள் முப்பது வருஷமாகியும் முடியவில்லை. இன்றைக்கும் தற்காலிக ஊழியர்தான்.

அந்த நிலையம் இப்போது நியூ டவுனில் இருக்கிறது. டாக்டர், எஞ்சினியர், பொருளாதாரம் படித்தவர், சமூகவியல் படித்தவர் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாஷை பேசுவார்களாம். ஏழை வீடுகளுக்குப் புகை வராத அடுப்பு ஒன்று செய்தார்கள். சூடு பிரமாதம் என்றார் எஞ்சினியர். நுரையீரலுக்கு நல்லது என்றார் டாக்டர். பெண்கள் அதை வாங்கி மூலையில் வைத்து, மேலே வெங்காயக் கூடையை வைத்துவிட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. உத்தமன் மூன்று வாரம் ஒவ்வொரு சமையலறையாகத் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "சோறு வடிக்கிற ஹாண்டிப் பானை இந்த அடுப்பில் சாய்கிறது." அடுப்பின் வாயை அகலமாக்கினார்கள். வெங்காயக் கூடை கீழே இறங்கியது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயர் கிடையாது.

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'கேட்டது'.

"எதுக்குப்பா ரெண்டு பத்தி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஜனங்க பொய் சொல்றதில்ல மாமி. எப்படி இருந்தா நல்லாருக்கும்னு நினைக்கிறாங்களோ அதைச் சொல்லிருவாங்க. அதனால தனியா எழுதிக்கிறது."

"நான் சொல்றதெல்லாம் எந்தப் பக்கம்?"

"உங்களுக்கு வலது பக்கம் பத்தாது மாமி" என்றார். எங்கள் பேத்தி ஸ்னேகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர் எங்கள் சந்துக்கு வந்தது டெங்கு ஆராய்ச்சிக்காக. இங்கே குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம். அதனால் வீட்டுக்கு வீடு டிரம்மும் வாளியும். மழைக்காலத்தில் அதில்தான் கொசு முட்டையிடும். வலை வைத்த மூடியும் அடியில் குழாயும் பொருத்திய டிரம் ஒன்று செய்து, பல பேட்டைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து இருநூற்றுப் பத்து வீடுகள் உத்தமன் பொறுப்பு. உத்தமன் வாரம் ஒரு முறை வருவார். வீட்டில் தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு பாத்திரத்திலும் வெள்ளை எனாமல் கரண்டியால் மொண்டு, டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பார். போகுமுன் எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டி, "தப்பு இருந்தா சொல்லுங்க மாமி" என்பார். எந்த வீட்டிலும் எதுவும் சாப்பிட மாட்டார். அது அவர் வைத்துக்கொண்ட சட்டம்.

போன வருஷம் நிலையத்தில் எல்லாருக்கும் டேப்லெட் கொடுத்தார்கள். அதில் இரண்டு பத்தி கிடையாது. 'எல்லாப் பாத்திரங்களையும் பார்த்தாயிற்றா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போகாது.

நவராத்திரி வந்தது. எங்கள் கொலுவில் ஒன்பது படியும் ஒரு தெப்பக்குளமும் உண்டு. ஸ்னேகாவைக் குழந்தையில் குளிப்பாட்டிய நீலத் தொட்டிதான் குளம். சுற்றிலும் கடுகு முளைக்கப் போட்டு, நடுவில் தெப்பத்தில் பெருமாள், நாலு பிளாஸ்டிக் அன்னம். கசிகிறதா என்று பார்க்க அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பே நிரப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. கொலுவில் இருப்பது எனக்குத் தண்ணீராகவே தெரியவில்லை, குளமாகத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் உத்தமன் வந்தார். டிரம், வாளி, குளிர்பெட்டியின் அடித்தட்டு எல்லாம் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றார்.

"மாமி, இதுலயும் ஒரு கரண்டி மொண்டுக்கிறேன்."

"நன்னாயிருக்கு! வெச்ச கொலுவை அசைக்கப்படாதுப்பா. ஊரெல்லாம் சாக்கடையில விட்ட கரண்டியைப் பெருமாள் குளத்துல விடுவியா?"

"கழுவிட்டு வர்றேன் மாமி. ஒரு நிமிஷம்தான்."

"தினம் விடிகாலம் நாலு மணிக்கு எழுந்து, ஸ்நானம் பண்ணிட்டு, நானே தண்ணி மாத்தறேன். அன்னத்தைக் கேளு, சொல்லும்."

அவர் குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். நான் ஒரு தொன்னை நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டலை நீட்டினேன். வேண்டாம் என்றார். "அம்பாள் பிரசாதம். வேண்டாம்னு சொன்னா எனக்குத்தான் பாவம்" என்று வற்புறுத்தினேன். வாங்கிச் சாப்பிட்டார். 'ஆம்' என்று அழுத்தினார். அன்றைக்கு மட்டும் எழுதியதைப் படித்துக் காட்டவில்லை.

பஞ்சமியன்று, பூஜா விடுமுறை ஆரம்பிக்கும் முன்பு, நிலையத்து டாக்டர் ரஞ்சனா வந்தாள். ஊழியர்கள் போன வீடுகளில் பத்துக்கு ஒன்றை மேலதிகாரிகள் மறுபடி போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. குனிந்தாள், கரண்டியில் மொண்டாள், டார்ச் அடித்தாள். பாருங்கள் மாஷிமா, அதாவது மாமி, என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். வெள்ளைக் கரண்டியில் கறுப்பு நூல் துண்டுகள் போல நெளிந்துகொண்டிருந்தன. மாக்கோலம் போட்ட தரையில் வைத்து எண்ணினாள். நாற்பத்தொன்று.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வெற்றிலை பாக்கு வாங்க வந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் என் மேல்.

"உத்தமன்தா இதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாரே. பார்க்கவில்லையா?" என்று பெங்காலியில் கேட்டாள் ரஞ்சனா. 'தா' என்றால் அண்ணா.

"எங்கே பார்த்தார்? கேட்கக்கூட இல்லை. சுண்டல் சாப்பிட்டார், போய்விட்டார்" என்றேன்.

வாழ்நாள் முழுக்க நான் விட்ட கதைகள் இந்தக் கட்டடம் கொள்ளாது. புலி, பேய், கவர்னர் மாளிகை யானை எதுவும் யாரையும் கடித்ததில்லை. இது ஒன்றரை வரிக் கதை. இதில் பாதி உண்மை வேறு. சுண்டல் சாப்பிட்டாரே.

அடுத்த சுற்றுக்கு உத்தமன் வரவில்லை. மஹிமா என்று ஒரு சின்னப் பெண் வந்தாள்.

"உத்தமன் எங்கே?"

"அவரை நிறுத்தி வெச்சிருக்காங்க ஆன்ட்டி. பார்க்காமலே பார்த்ததா எழுதறார்னு. அவரோட இருநூத்திப் பத்து வீட்டு ஃபார்மையும் தள்ளிட்டாங்க. எது நிஜம்னு யாருக்குத் தெரியும்?"

"அவர் என்ன சொன்னாராம்?"

"ஒண்ணும் சொல்லலை. 'நான் மொண்டு பார்க்கலை, ஆம்னு அழுத்தினது என் தப்பு'ன்னு எழுதிக் கொடுத்துட்டார்."

நான் தடுத்ததை அவர் சொல்லவில்லை. முப்பது வருஷமாக ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கமும் எழுதி வந்தவருக்கு, பார்க்காதது பார்க்காததுதான். காரணம் சொன்னால் கண்டதாகிவிடுமா? நான் அப்படியே டிரம்மின் மேல் கை வைத்து நின்றேன்.

மறுநாள் காலையே ஸ்னேகாவைக் கூட்டிக்கொண்டு, ஆப்பில் டாக்ஸி வரவழைத்து, நியூ டவுன் போனேன். லிஃப்டில் அவள், "பாட்டி, ப்ளீஸ், யானை எல்லாம் வேண்டாம், ஓகே?" என்றாள்.

அறையில் ரஞ்சனாவும் இன்னும் இரண்டு பேரும். நான் உட்காரவில்லை. "அவர் கேட்டார், நான் தொடவிடவில்லை, தினம் மாற்றுகிறேன் என்று பொய் சொன்னேன், அப்புறம் அவர் கேட்கவே இல்லை என்று உங்களிடமும் பொய் சொன்னேன்" என்று பெங்காலியில் சொல்லி முடித்தேன்.

ரஞ்சனா கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாஷிமா, அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள், இன்றைக்கு ஒன்று சொல்கிறீர்கள். இதில் எதை நான் எழுதிக்கொள்வது?"

எழுபத்தாறு வயதில், எம்.ஏ. படித்தவள், என் வாயிலிருந்து வரும் உண்மைக்கு மதிப்பில்லை என்று ஒரு பெண் மரியாதையாகச் சொல்லி நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஸ்னேகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பேச்சை அவர்கள் நம்பவில்லை. ஆனால் உத்தமனின் பழைய நீள நோட்டை வரவழைத்தார்கள். டேப்லெட் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்தில், வலது பத்தியில், "கொலுக் குளம்: தினம் மாற்றுவதாகச் சொன்னார்கள். தொடக்கூடாது என்றார்கள்" என்று இருந்தது. இடது பத்தி காலி. பிறகு அவருடைய வீடுகளில் முப்பதைப் பொறுக்கி, எந்தப் பாத்திரம் எங்கே, மூடி எப்படி என்று நோட்டோடு வைத்துப் பார்த்தார்கள். முப்பதும் சரியாக இருந்தது. பொங்கலுக்கு முன்பு வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்த வருஷ அறிக்கை போய்விட்டது. அதில் அவருடைய இருநூற்றுப் பத்து வீடுகள் இல்லை. ஆறு மாதம் மழையில் நனைந்து அவர் ஏறி இறங்கிய மாடிப்படிகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இப்போது டேப்லெட்டில் 'பார்க்க விடவில்லை' என்று ஒரு பதிலும் சேர்த்திருக்கிறார்கள். அது எங்கள் வீட்டால் வந்தது என்று பெருமையடித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம் கொலுவின் இரண்டாம் நாள் உத்தமன் வந்தார். அன்னங்களை நானே எடுத்து ஓரத்தில் வைத்தேன். மொண்டு பார்த்தார். சுத்தமாக இருந்தது. சுண்டலை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அவரை உட்கார்த்தி வைத்து, இதுவரை எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டி, "தப்பு இருந்தா சொல்லுப்பா" என்றேன். ஸ்னேகாவும் பக்கத்தில் இருந்தாள்.

டார்ச்சைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"புழு நாப்பத்தொண்ணு இல்ல மாமி, பதினேழுதான். டாக்டர் ரஞ்சனா ஃபார்ம்ல பார்த்தேன். அது போகட்டும்." பையைத் தோளில் மாட்டினார். "மஹிமா இங்க வந்தது லக்ஷ்மி பூஜை முடிஞ்ச திங்கட்கிழமை. நீங்க நியூ டவுன் வந்தது ஜகத்தாத்ரி பூஜைக்கு மறுநாள். மறுநாள் காலையேன்னு எழுதியிருக்கீங்க. இருபத்திரண்டு நாள் மாமி. நான் வீட்ல உட்கார்ந்து எண்ணிட்டு இருந்தேன்."