மன்னித்ததாக எழுதவேண்டாம்

அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தபோது சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை. நேரே என் மேசைக்கு வந்து, அந்த வாரப் பத்திரிகையை விரித்துப்போட்டு, நடுப்பக்கத்தில் விரலை ஊன்றினார்.

"இதை எழுதினது ஆர்?"

நான் அப்போது மொன்றியலில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. இலவசப் பத்திரிகைதான். மளிகைக் கடை வாசல்களில் கட்டுக்கட்டாக வைத்துவிட்டு வருவோம். மரண அறிவித்தலில் மருமகனின் பெயர் விடுபட்டால் சண்டை. அரங்கேற்றப் படத்தில் குருவின் தோள் வெட்டுப்பட்டால் சண்டை. திட்டு வாங்குவது எனக்கு உத்தியோகத்தின் ஒரு பகுதியாகிவிட்டிருந்தது. ஆகவே இதுவும் அப்படி ஒன்று என்றே நினைத்தேன்.

அவர் விரல் வைத்திருந்தது மாவீரர் நினைவு நாளுக்காக ஒரு சங்கத்தின் செயலாளர் எழுதிய கட்டுரை. 'தாய்மார் தங்கள் பிள்ளைகளை மனமுவந்து இயக்கத்துக்கு அனுப்பிவைத்தார்கள்' என்று அதில் ஒரு வரி இருந்தது.

"இருங்கோ தங்கச்சி" என்றேன்.

"நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. என்ரை பிள்ளையை நான் அனுப்பேல்லை. மயிரிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவங்கள். மறுப்புப் போடுங்கோ."

மறுப்பு என்றால் ஐந்தாறு வரிதான் வரும், அதை எவரும் படிக்கமாட்டார்கள் என்றேன். முழுவதையும் சொன்னால் தொடராக எழுதலாம், பிறகு புத்தகமாகவும் போடலாம் என்றேன்.

"நீங்கள் எழுதி என்ரை வாயிலை போடுவியள்."

"எழுதினதை எல்லாம் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறன். நீங்கள் ஓமெண்டாத்தான் அச்சுக்குப் போகும்."

அவர் என்னை நம்பவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

செயின்ட்-மிஷேலில் அவருடைய வீடு இரண்டாம் மாடியில். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் அவருக்கு வேலை. லீவு நாட்களில் என்னை வரச்சொல்வார். குசினி மேசையில் எதிரெதிரே இருப்போம். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரு தேத்தண்ணி தரவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் அது மறதியாக இருக்க முடியாது.

வன்னியில் போரின் கடைசி மாதங்களில் அவரும் மகளும் ஒரு தறப்பாள் கூடாரத்தில் இருந்திருக்கிறார்கள். கணவன் இராணுவம் அடித்த செல் விழுந்து முன்பே இறந்துவிட்டார். மகளைப் பதுங்குகுழிக்குள் இன்னொரு குழி தோண்டி, மேலே பலகையும் மண்ணும் போட்டு ஒளித்து வைத்திருந்தார். பக்கத்துத் தறப்பாளில் இருந்த பெண் அதை ஆள் பிடிக்க வந்த இயக்கப் பொடியளுக்குக் காட்டிக்கொடுத்தாள். மகளைக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தது. உடலை அவர் காணவில்லை.

இதை அவர் உருளைக்கிழங்கு தோல் சீவியபடி சொன்னார். நான் வீட்டுக்குப் போய் 'கண்ணீர் வழிய' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

"ஆர் அழுதது? நான் அழேல்லை. வெட்டுங்கோ."

'பெற்ற வயிறு பற்றி எரிந்தது' என்பதையும் வெட்டினார். 'வீரத்தாய்' என்ற சொல்லைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார். "உங்களுக்கும் அந்தச் செயலாளருக்கும் என்ன வித்தியாசம்?"

படி இறங்கும்போது, இனி வருவதில்லை என்று நினைப்பேன். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் வெட்டிய பிறகு மிஞ்சிய பக்கங்களை வாசித்தால், நான் அதுவரை எழுதியவை எல்லாம் கல்யாண வாழ்த்துப் போலத் தெரிந்தன. மறுபடியும் போனேன்.

முதல் பகுதி வந்த வாரம், கடை வாசல்களில் வைத்த கட்டுகள் யாரோ தூக்கியெறிந்து பனிக்குவியலில் நனைந்து கிடந்தன. இரண்டாவது பகுதிக்குப் பிறகு செயலாளர் நேரில் வந்தார். என்னோடு ஒன்றாகச் சோறு தின்ற மனிதர். கதிரையை இழுத்துப்போட்டேன், உட்காரவில்லை.

"இதாலை ஆருக்கு லாபம்? செல் அடிச்சவனுக்குத்தானே?"

"செல் அடிச்சதும் அதிலை இருக்கு. வாசிச்சனீங்களோ?"

"நான் வாசிக்கத் தேவையில்லை. நிப்பாட்டு."

அதுவரை அவர் என்னை 'நீங்கள்' என்றுதான் கதைத்தவர்.

அடுத்து வந்தவர்தான் நான் எதிர்பாராதவர். மெலிந்த பெண், கையில் மருந்துக்கடைப் பை. நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்து பஸ் மாறி வந்ததாகச் சொன்னார்.

"அடுத்த பகுதியிலை நான்தானே வரப்போறன்? பக்கத்துத் தறப்பாள்."

அவர் இந்த நகரத்தில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. தொடரை எழுதவைத்த பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. கோயிலில் பலமுறை கண்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

"ஓம், நான்தான் காட்டிக்குடுத்தனான்" என்றார் வந்தவர். "ஆனால் அதுக்கு முதல் என்ரை பிள்ளையைக் கொண்டுபோகேக்கை அவ தன்ரை பங்கர் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவ. ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அதையும் எழுதுங்கோ."

"ஏன் காட்டிக்குடுத்தனீங்கள்?"

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அதை அப்படியே செயின்ட்-மிஷேலில் போய்ச் சொன்னேன். வீட்டை விட்டுத் துரத்துவார் என்று நினைத்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"ஓம். பாத்துக்கொண்டுதான் நிண்டனான். சத்தம் போட்டால் என்ரை பிள்ளை ஒளிச்சிருக்கிறது தெரிஞ்சிடும். போடுங்கோ. ஆனால் நான் அவளை மன்னிச்சதெண்டு எழுதவேண்டாம்."

"அவ ஏன் காட்டிக்குடுத்தவ எண்டு போடுறது?"

"எனக்கென்ன தெரியும்? உங்கடை பாடு."

'பயத்தில் காட்டிக்கொடுத்திருக்கலாம்' என்று எழுதினேன்.

அந்தப் பகுதி பத்திரிகையில் வரவில்லை. விளம்பரக்காரர்கள் ஒவ்வொருவராக விலகியதும் முதலாளி தொடரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் நானும் நிற்கமாட்டேன் என்றேன். அவர் தடுக்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் இருந்த மேசையில் எனக்கென்று எடுத்துக்கொள்ள ஓர் அகராதியும் ஒரு குடையும்தான் இருந்தன.

புத்தகத்தை நாங்களே போட்டோம். அட்டையில் அவருடைய பெயர் மட்டும் போதும் என்றேன்.

"ஏன், நீங்கள் தப்பவோ? ரெண்டு பேரையும் போடுங்கோ. அடி விழேக்கை ரெண்டு பேருக்கும் விழட்டும்."

வெளியீடு ஒரு நூலகத்தின் நிலக்கீழ் அறையில். செயலாளரின் ஆட்கள் வாசலில் நின்று வருபவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மீறி வந்தவர்களை ஒரு வான் வண்டிக்குள் அடக்கிவிடலாம். கடைசி வரிசையில் அந்த மெலிந்த பெண் இருந்தார். மேடையில் புத்தகத்தோடு இருந்த செயின்ட்-மிஷேல் பெண் அவரைக் கண்டார். கண்டும், அந்த அத்தியாயத்தையே எடுத்து வாசித்தார்.

வாசித்து முடிந்ததும் பின்னால் கதிரை உரசியது.

"எல்லாம் சரி. ஒண்டு பிழை." அந்தப் பெண் எழுந்து நின்றார். "நான் பயத்திலை சொல்லேல்லை. எரிச்சலிலை சொன்னனான். என்ரை பிள்ளை போயிட்டுது, உன்ரை பிள்ளை மட்டும் ஏன் இருக்கோணும் எண்டு."

நான் எழுந்து ஏதாவது சமாதானம் சொல்லப் பார்த்தேன். மேடையில் இருந்தவர் கையால் என்னை இருக்கச் சொன்னார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "அதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது" என்றார். புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கக் கதவால் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை போன் அடித்தது.

"அந்தப் பயமெண்ட சொல்லை எடுத்துப்போட்டு அவ சொன்னதைப் போடுங்கோ."

"போடுறன். நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?"

வைத்துவிட்டார். இரண்டாம் பதிப்பில் மாற்றினேன். ஒரு பிரதி அனுப்பினேன், பதில் இல்லை. போன கோடையில் ஜோன்-தலோன் சந்தையில் அவரைக் கண்டு கை உயர்த்தினேன். என்னைப் பார்த்தார். பிறகு கத்தரிக்காயைத் தெரிந்தெடுக்கக் குனிந்துவிட்டார்.