ஊசிக்குப் பயந்து நடந்தேன்

பழைய இரும்பு வாங்கி விற்கும் தொழிலில் நாள் முழுக்க வாய்தான் உழைக்கும். கால் நாற்காலிக்கடியில் தூங்கும். ஒரு காலத்தில் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை முழுக்க அலைந்தவன்தான் நான். கார் வாங்கிய அன்றோடு நடையை விட்டேன். அறுபதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. உட்கார்ந்தே சம்பாதித்து, உட்கார்ந்தே நோயையும் வாங்கிய சகோதரர்களே, நான் பட்டதைக் கேளுங்கள்.

டாக்டரம்மாவிடம் பேரம்

ஸ்ரீபெரும்புதூரில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "மூணு மாசம் பார்ப்போம் சார். தினம் அரை மணி நேரம் நடங்க. அப்பவும் சர்க்கரை இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார். தகடு கையைக் கிழித்தால் துணியைச் சுற்றிக்கொண்டு லோடு ஏற்றுவேன். ஊசி மட்டும் ஆகாது. என் அண்ணன் கடைசிவரை தினமும் வயிற்றில் குத்திக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஊசி ஒன்றும் பூதமில்லை என்று அந்தம்மா எவ்வளவோ சொன்னார். எனக்கு ஏறவில்லை.

ஆனாலும் பழக்கம் விடுமா? "அரை மணியெல்லாம் கட்டுப்படியாகாதும்மா. பத்து நிமிஷத்துக்கு முடிச்சுக்கலாம்" என்றேன். அவர் கொஞ்சம் யோசிப்பதுபோல் யோசித்து, "சரி, பத்து நிமிஷம். ஆனா மூணு வேளையும் சாப்பிட்டப்புறம் நடக்கணும்" என்றார். அவர் பேச்சு மாறுவதற்குள் ஒத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி வசந்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாங்க, மூணு பத்து முப்பதாச்சே. இதுக்கா இந்தச் சிரிப்பு?"

கையை வீசினால் வந்த வினை

கையை நன்றாக வீசி நடக்கச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை இட்லியை முடித்துக்கொண்டு ஒரகடம் ரோட்டில் இறங்கி, கையை வீசினேன். ஒரு கம்பெனி பஸ் கிறீச்சென்று பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. நான் கவனிக்காமல் நடந்தேன். பஸ்ஸும் கூடவே ஊர்ந்து வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா, மேல ஏத்தப் பாக்கறியா?" என்று கத்தினேன். "நீதானே பெருசு கை காட்டின! ஸ்டாப்பிங்ல ஆளை வுட்டுட்டுப் போனா எனக்குத்தானே மெமோ?" என்று டிரைவர் பதிலுக்குக் கத்தினார்.

சாலையோரம் கை அசைந்தால் ஷிப்டுக்குப் போகிற ஆள் என்பதுதான் இந்த ரோட்டின் சட்டம். வேட்டியும் செருப்புமாக ஒரு கிழவன் எந்த லைனில் நின்று போல்ட் முடுக்குவான் என்று அவர் யோசிக்க வேண்டாமா? எங்கள் இருவர் குரலும் ஏறிக்கொண்டே போக, ஜன்னலிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு தெற்கத்திப் பையன் தலையை நீட்டினான். "ஏறுதியளா, இல்லியா அண்ணாச்சி? எங்களுக்கு கார்டு பஞ்ச் பண்ண லேட்டாவுதுல்லா!"

கார் எங்கே?

எங்கள் தொழிலில் காரில் போகிறவன் நடந்து வந்தால் ஒரே அர்த்தம்தான்: ஆள் நொடித்துவிட்டான். ஒரே வாரத்தில் மண்ணூர் வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது. வழக்கமாக டீ குடிக்கும் கடையில் சர்க்கரை இல்லாமல் டீ கேட்டேன். மாஸ்டர் குமார் அதையும் வறுமைக் கணக்கில் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது. காசை நீட்டினால் என் கையை மூடிவிட்டு, மெதுவான குரலில், "இருக்கட்டும்ணே. மறுபடி வண்டி வாங்கினப்புறம் குடுங்க" என்றார். கண்ணாடி டம்ளரை உடைக்காமல் வந்ததே பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்து, இனி நடக்க மாட்டேன், பேர் போனால் வியாபாரம் போச்சு என்று குதித்தேன். நாலைந்து நாள் நடக்கவும் இல்லை. வசந்தா கடைக்குப் போய்ப் பளீரென்று ஒரு வெள்ளை ஷூவும் டிராக் பேண்டும் வாங்கி வந்து என் முன்னால் போட்டாள். "செருப்பு போட்டு நடந்தா நொடிச்சவன், ஷூ போட்டு நடந்தா சுகர்காரன். போட்டுக்கினு கெளம்புங்க!"

மதியத்துப் பத்து நிமிஷம்

கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தகடு வெட்டிய மிச்சம் மலையாகக் கிடந்தது. விலை சொல்லப் போயிருந்தேன். அங்கேயே சாப்பாடு முடிந்தது. வெயில், ரோட்டுக்குப் போக முடியாது. நடக்காமல் விட்டால் ஊசி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. சரி, குவியலையே சுற்றுவோம் என்று கிளம்பினேன். யார்டு சூப்பர்வைசர் பாஸ்கர் குடையோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

முன்பக்கம் தகடு வெள்ளியாக மின்னியது. பின்பக்கம் போனால் நனைந்த மண்ணும் உடைந்த மரப் பலகையும் பாதிக் குவியல். அத்தனையும் இரும்போடு எடையில் ஏறும். நான் நின்றேன். பாஸ்கரைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவருக்கு வேர்த்துவிட்டது. "எப்பவும் கார்ல இருந்தே பாத்துட்டு ஓகேன்னுடுவீங்களே சார், இன்னைக்கு எதுக்கு சார் சுத்தி வர்றீங்க?"

சத்தம் போடாத நாள்

மூன்று மாதம் முடிந்தது. ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் பெண்ணிடம், "இதுவும் ஊசிதானே, சொல்லிட்டுக் குத்தக் கூடாதா?" என்று காலையிலேயே சண்டை போட்டுவிட்டு, மதியம்வரை வராந்தாவில் காத்திருந்தேன். அண்ணன் ஞாபகம் திரும்பத் திரும்ப வந்தது. வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா இறங்கியிருக்கு சார். இப்போதைக்கு ஊசி வேண்டாம். நடையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடப் பேசியிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிரில் வந்த அந்த நர்ஸ் பெண் பதறிப்போய் வசந்தாவிடம் கேட்டது: "இன்னாச்சும்மா, சார் கம்முனு போறாரு? பி.பி. பாக்கட்டுமா?"

நடப்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை ஐயா. ஊசியைப் பார்த்து நடுங்குவதைவிட ரோட்டைத் திட்டிக்கொண்டு போவது சுலபமாக இருப்பதால் மூன்று வேளையும் போய்க்கொண்டிருக்கிறேன்.