பெண்கள் பக்கத்து வாசல்

என் மகள் ஐந்தாவது முடித்த வருஷம் கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். திருவாமாத்தூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் உண்டு. நானும் அதே பள்ளிக்கூடத்தில் அதே ஐந்தாவதோடு நின்றவன். அவள் நிற்கக் கூடாது, ஆறாவதுக்கு விழுப்புரம் போக வேண்டும் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் வேறு எண்ணமே இல்லை. சண்டை எல்லாம் டவுன் பஸ்ஸில் அவள் தனியாகப் போவதா, நான் கூடப் போவதா என்பதில்தான்.

நான் கூடப் போவதாகச் சொல்லிவிட்டேன். காலையில் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வருவது, சாயங்காலம் மறுபடி போய் அழைத்து வருவது.

"அப்ப கரும்புக்கு யாரு தண்ணி கட்றது? கரும்பையும் பஸ்ஸுல ஏத்திக்கினு போறியா?" என்றாள் மனைவி.

மகள் அவளுக்கு மேல் ஒரு படி போனாள். "அப்பா கூட வந்தா நான் ஸ்கூலுக்கே போவல."

"ஏம்மா?"

"எல்லாப் பொண்ணுங்களும் சிரிக்கும். நீ யாரு கிட்டயும் பேசவும் மாட்ட. கேட்டுக்குப் பக்கத்துல சும்மா நின்னுக்கினு இருப்ப."

அவள் சொன்னது பொய் இல்லை. எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட சத்தம் போட்டு நிறுத்தச் சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். இப்படிப்பட்ட ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. என் கண்ணுக்கு அவள் இன்னும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளையாகத்தான் இருந்தாள். அதனால் நான் விடவில்லை, அவளும் விடவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போனோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கு ஒரு பை மல்லாட்டைக் கடலை கொடுத்து எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினாள் மனைவி. அப்பனும் மகளும் ராசியாகி வரட்டும் என்றுதான் அனுப்பினாள் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும், மகள் போய் முன்னால் ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திண்டிவனம் வரைக்கும் அந்த அம்மாவோடு கதை பேசிக்கொண்டே வந்தாள்.

அங்கே தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒரு பொம்மைப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். லீவு நாள் என்று ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாகப் போட்டிருந்தார்கள். வரைந்த படம், மனுஷர் ஒருவரும் இல்லை, எல்லாம் பறவைகளாம். மகள் என்னிடம் கேட்கவில்லை. மாமனிடம் கேட்டாள். மச்சான் மனைவிதான் அவளை அழைத்துப் போவதாக இருந்தது. மறுநாள் காலையில் மரக்காணத்திலிருந்து அவருக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

"நீங்களே கூட்டிக்கினு போய்ட்டு வாங்கண்ணா. கொழந்த ஆசப்பட்டுக் கெடக்குது" என்றார்.

போனோம். தியேட்டர் வாசலில் இரண்டு வரிசை, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. உள்ளேயும் அப்படித்தான். பெஞ்சு டிக்கெட்டில் நடுவில் இடுப்பளவு சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். இதற்கு முன் எந்தப் படத்துக்குப் போனாலும் அவள் என் மடியிலோ தோளிலோதான் இருந்திருக்கிறாள். ஆண்கள் வரிசை தெருவரை நின்றது. பெண்கள் வரிசையில் கொஞ்சம் பேர்தான்.

"நான் அந்தப் பக்கம் போறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒருவர், "இன்னாயா, ஜல்தியா போ, படம் போட்டுடப் போறான்" என்று முதுகில் கை வைத்தார். அதற்குள் அவள் என் கையிலிருந்து டிக்கெட் காசை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"படம் வுட்டதும் வாசல்ல நில்லு!" என்றேன். அது அவள் காதில் விழுந்திருக்கும். எந்த வாசல் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்துக்குத் தனியாக ஒரு வாசல் உண்டு, அது பின்னால் இருக்கிற சந்தில் திறக்கும் என்பதே எனக்குத் தெரியாது. மனைவியோடு படத்துக்குப் போன நாட்களில் நான் நின்ற இடத்திலேயே நிற்பேன், அவள் வந்து என்னைக் கண்டுபிடித்துவிடுவாள்.

படம் ஆரம்பித்தது. ஒரு ஏரி, நடுவில் ஒரு மரம், மரத்தில் கூடு. கூட்டில் ஒரு நாரைக் குஞ்சும் அதன் அப்பாவும். பேச்சே கிடையாது, வாத்தியம் மட்டும்தான். பேச்சு இல்லாத படம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அப்பா நாரை தினமும் மீன் கொண்டு வந்து வாயில் வைக்கும். குஞ்சு வளர்ந்து அப்பன் உயரத்துக்கு வந்துவிட்டது, கூட்டில் இடம் போதவில்லை. அப்போதும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் அப்பா நாரை மீனை வாயில் கவ்விக்கொண்டு வந்து, கூட்டுக்கு வராமல் எதிர்க்கரையில் உட்கார்ந்துகொண்டது. பசித்தால் நீயே வா என்கிற மாதிரி.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "இவனெல்லாம் ஒரு அப்பனா?" "பச்சப் புள்ளயப் பட்டினி போட்டுட்டு எப்படி குந்திக்கினு இருக்கறான் பாரு!" "இவன் பொண்டாட்டி எங்கடி போனா?" இந்தப் பக்கமிருந்து ஒருவர், "அவ பொறந்த வூட்டுக்குப் போயிருக்கா!" என்று கத்தினார். தியேட்டரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கும் அந்த நாரை மேல் கோபம்தான். ஒரு மீனைக் கொடுத்தால் இவனுக்கு என்ன குறைந்துவிடும் என்று இருந்தது.

பாதிப் படம் நான் திரையைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் தலைகள்தான் தெரிந்தன, எது அவள் தலை என்று தெரியவில்லை. குஞ்சு தண்ணீரில் இறங்கி, மீன் என்று நினைத்து ஒரு ஆமையின் காலைப் பிடித்து இழுத்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கி வாங்கிச் சிரிக்கிற சிரிப்பு. அது அவளுடையது. அதற்குப் பிறகுதான் நான் நிம்மதியாகப் படம் பார்த்தேன். கடைசியில் குஞ்சு பறந்து அக்கரைக்குப் போகிறது. அப்பன் வைத்திருந்த மீனை அது தொடவே இல்லை. தானாக ஒன்றைப் பிடித்து, அப்பன் முன்னால் நின்று காட்டிக் காட்டித் தின்றது. கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

படம் விட்டதும் நான் முன் வாசலில் போய் நின்றேன். ஆண்கள் வந்தார்கள், பையன்கள் வந்தார்கள். பெண்கள் யாருமே வரவில்லை. இதில் ஏதோ தப்பு இருக்கிறதே என்று எனக்கு உறைப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் வாசலில் சேர ஆரம்பித்தார்கள். பெண்கள் டிக்கெட் வாங்கும் இடத்தில் இப்போது ஒரே புடவைக் கூட்டம். அதற்குள் போய் யாரை, எப்படிக் கேட்பது? மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை.

மேலே குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது பாதியில் நின்றது.

"ஹலோ, ஹலோ. எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. விழுப்புரம் பக்கத்துலேர்ந்து படம் பாக்க வந்த ஒரு அப்பா காணாமப் போயிட்டாரு. அவரோட பொண்ணு லேடீஸ் கவுண்டர்ல காத்துக்கினு இருக்குது. அப்பா பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குது. அடையாளம் மட்டும் சொல்லுது."

கொஞ்ச நேரம் கரகர சத்தம். அவள் மெதுவாகச் சொல்வதும், அந்த ஆள் "ம்... ம்..." என்று கேட்பதும் மைக்கில் வந்தது.

"ஒல்லியா இருப்பாரு. வெள்ளச் சட்ட, பச்சத் துண்டு. கால் பெருவெரலால தரையில கோடு போட்டுக்கினு இருப்பாரு."

நான் குனிந்து பார்த்தேன். கோடு போட்டுக்கொண்டுதான் இருந்தேன். காலை இழுத்துக்கொண்டேன்.

"யாருனா பேசுனா சிரிப்பாரு, பதில் சொல்ல மாட்டாரு. இன்னாம்மா? ஆங். ரொம்ப நல்லவராம். அதையும் சொல்லச் சொல்லுது."

வாசலில் இருந்தவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பட்டாணி சுண்டல் விற்கிறவர் என் துண்டைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அண்ணே, தேடறது ஒங்களயா?"

நான் சிரித்தேன்.

"ஆங்! சிரிக்கிறாரு! பதிலு வரல! இவருதாம்பா!"

"கெடச்சிட்டாரு! கெடச்சிட்டாரு!" என்று ஒரே கூச்சல். யார் யாரோ என் தோளைத் தட்டினார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், மறுபடி தொலைந்துவிடுவேன் என்று பயந்த மாதிரி. அதற்குள் ஸ்பீக்கரில் என் மகளின் குரலே வந்தது. அவ்வளவு பெரிதாக அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"அப்பா, எங்கயும் போவாத. நின்ன எடத்துலயே நில்லு. நான் வர்றேன்."

புடவைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. தொலைந்த மாட்டைப் பிடித்தவள் மாதிரி என் கையைப் பிடித்தாள்.

"ஏம்மா, என் பேரச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அம்மாவே சொல்லாத பேர நான் மைக்குல சொல்றதா?" என்றாள்.

என் மனைவி இன்றுவரை என் பேரைச் சொன்னதில்லை. அது பெண்டாட்டிக்கு உண்டான வழக்கம், பிள்ளைக்கு இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தரவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மச்சான் வீட்டுக்குள் நுழையும்போதே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "வா மாப்ளே! காணாமப் போயிட்டியாமே! போலீஸ்ல சொல்லாமயே கெடச்சிட்டியா?" என்றார். மரக்காணத்து விருந்தாளிகளுக்கு மகள் முழுவதையும் நடித்துக் காட்டினாள். மைக்குக்காரராக, சுண்டல்காரராக, கடைசியில் நானாக. நானாக நடித்ததுதான் எல்லாருக்கும் பிடித்தது. எனக்கும்தான். அவள் பெருவிரலால் கோடு போட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரிப்பு.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மயிலம் கிராஸ் தாண்டும் வரை ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அப்பா, நீ தொலஞ்சா நான் கண்டுபுடிக்கிறேன். நான் தொலஞ்சா நானே வந்துடுவேன். அப்பறம் இன்னா பேஜாரு உனக்கு?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். "செரி, நீயே போ" என்றேன். அவள் நம்பவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நிறுத்தம் வரைக்கும் போனேன். அதற்கு அவள் ஒத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. ஏறினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். ஜன்னல் ஓரத்துக்காக வேறொரு பெண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், பார்க்க எங்கே நேரம்? கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "நீ ஏறலியாயா?" என்றார்.

"இல்லீங்க. அது மட்டுந்தான் போவுது" என்றேன். சத்தமாகவே வந்தது.

சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்குக் கரண்டு வந்துவிட்டது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டேன், மறுபடி எடுத்துக்கொண்டேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். போகவில்லை. ஒரே மடையை வெட்டி, மூடி, மறுபடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

வரப்பில் அவள் வந்தாள். பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டாப்புக்கு ஏன் வரல?"

"நீதானம்மா வர வேணாம்ன."

"நான் வேணாம்னா அப்படியே வராம இருந்துடுவியா?"

சிரித்தேன். அவள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். கணக்கு டீச்சர் நல்ல டீச்சர், பக்கத்து சீட்டுப் பெண் வளவனூர்ப் பக்கம், மதியம் யாரோ இவளுடைய ஊறுகாயைத் தின்றுவிட்டார்கள், வரும்போது பஸ்ஸில் இடமே இல்லை, ஆனாலும் இவள் சத்தம் போட்டு இடம் வாங்கிவிட்டாள். இப்படி அவள் சொல்லச் சொல்ல, மடை உடைந்து தண்ணீர் பக்கத்துக் கொல்லைக்கு ஓடியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.