இரண்டு 'டா'

குழந்தைகளுக்கான ஹார்மோன் பிரிவில் டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன் எல்லாப் பிள்ளைகளும் ஒருவரைக் கடந்துதான் போயாக வேண்டும். உயரமும் எடையும் பார்க்கிற நர்ஸ் அவர். அளவுக்காரம்மா என்று பெயர் வாங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைக் கேட்டால் பக்கத்து அறை நர்ஸே கொஞ்சம் யோசிப்பார். பிள்ளையின் குதிகாலைச் சுவரோடு ஒட்டவைத்து, உச்சந்தலையில் மரப்பட்டையை இறக்கி, "எக்காத, எனக்கு எல்லாம் தெரியும்" என்பார். வீட்டிலும் இதே கதைதான். பத்து வருடத்தில் தன் கணவர் ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டதைக் கண்டுபிடித்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர், பாவம், அதற்குப் பிறகு எந்தச் சுவரிலும் முதுகைச் சாய்ப்பதில்லை.

வளராத பிள்ளைகள், வயதுக்கு மீறி வளர்கிற பிள்ளைகள், சர்க்கரை உள்ள பிள்ளைகள் எல்லாரும் அங்கே வருவார்கள். சில வருடங்களாக இன்னும் சிலரும் வருகிறார்கள். பிறந்தபோது பையன் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்கிறவர்கள். பெண் என்று எழுதப்பட்டு, பையனாக உணர்கிறவர்கள். அப்படி முதல் பிள்ளை வந்த நாளில் அளவுக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். முக்கால்வாசி வைத்தியம் உட்கார்ந்து பேசுவதுதான், மருந்து எல்லாருக்கும் கிடையாது, எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை என்று டாக்டரம்மா அரை மணி நேரம் விளக்கினார்.

"சரி, இதுல நான் என்ன செய்யணும்?"

"அந்தப் பிள்ளை எந்தப் பேரைச் சொல்லுதோ, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"அவ்ளோதானா? அதுக்கு என்ன, காசா பணமா?"

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஃபைல் அட்டையில் அச்சடித்து வருவது பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். அதை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் மேல் மூலையில் பென்சிலால் பிள்ளை சொன்ன பெயரை எழுதிக்கொள்ள யாரும் தடை போடவில்லை. வாசலில் நின்று அந்தப் பென்சில் பெயரைத்தான் கூப்பிடுவார். அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

இந்தப் பழக்கத்தில் ஒரு நாளும் தவறியதில்லை என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அந்தத் தலைக்கனம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உடைந்தது.

பார்சல் வேன் ஓட்டும் ஒருவர் தன் பதிமூன்று வயதுப் பிள்ளையோடு வந்திருந்தார். பையனாக எழுதப்பட்ட பெண். மூன்றாவது முறை வருகிறாள். குரல் உடையத் தொடங்கியிருந்ததால் பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. எட்டு மாதப் பேச்சு, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து, பருவ வளர்ச்சியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கும் மருந்து அவளுக்குச் சரிப்படுமா என்று டாக்டரம்மா சொல்ல வேண்டிய நாள் அது. இன்று தவறினால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துத்தான்.

முந்தின நாள்தான் அளவுக்காரம்மா கிழிந்த அட்டைகளை எல்லாம் மாற்றியிருந்தார். சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. புது அட்டை பளபளவென்று இருந்தது. பென்சில் எழுத்து பழைய அட்டையோடு குப்பைக்குப் போயிருந்தது. அட்டையில் இருந்ததைப் பார்த்து, தொண்டை முழுவதையும் திறந்து கூப்பிட்டார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்புக் கிளிப் போட்ட பெண் எழுந்து ஓடுவதைக் கண்டபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. ஃபைலைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அளவுக்காரம்மா மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுதான்மா. அட்டையை மாத்தினேன், உன் பேரை எழுத மறந்துட்டேன். குப்பையைக் கொட்டுறப்போ புத்தியையும் சேத்துக் கொட்டிட்டேன்."

"எல்லாரும் பாத்தாங்க."

"பாத்தாங்கதான். வேணும்னா இப்பவே போய் உன் பேரை இதைவிடச் சத்தமாக் கூப்பிடவா?"

"ஐயோ, வேணாம்!" அழுகைக்கு நடுவே சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. "நான் வீட்டுக்குப் போறேன். இனிமே இங்க வரவே மாட்டேன்."

அதற்குள் அப்பா வந்து சேர்ந்தார். இரண்டு படி கீழே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா... வாடி" என்றார். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி அந்த 'டி'யைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். பெண்டாட்டியைக்கூட 'ம்மா' போட்டுக் கூப்பிடுகிற மனிதர்.

"அப்படிக் கூப்பிடாதப்பா!"

"பொண்ணுன்னா அப்படித்தானே கூப்பிடணும்? வேன்ல தனியாப் போறப்போ எல்லாம் சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். இன்னும் வாயில வரமாட்டேங்குது."

அளவுக்காரம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அக்காவை அப்படியா கூப்பிடுற? 'வாடா'ன்னுதானே கூப்பிடுற?" என்று மகள் அப்பாவைக் கேட்டாள்.

"அவளா? அவ பொறந்ததுலேருந்து எனக்கு 'டா'தான்."

"எனக்கும் அதுதான் வேணும்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அதைத்தானே பதிமூணு வருஷமாச் சொல்லிட்டு இருந்தேன்! மாத்தணும்னு சொன்னதே நீதானே?"

"அது வேற 'டா'. பையன் 'டா'. எனக்கு அக்கா 'டா' வேணும்."

அவர் திரும்பி நர்ஸைப் பார்த்தார். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கிற ஆளுக்கு இது தெரியாமலா இருக்கும்? பையனிடம் சொல்கிற 'டா' முதுகில் தட்டும். மகளிடம் சொல்கிற 'டா' கன்னத்தைத் தடவும். "என்னை ஏன் பாக்குறீங்க? பிள்ளை சரியாத்தான் கேக்குது. சீக்கிரம் கூப்பிடுங்க. ஒரு மணிக்கு டாக்டரம்மா வார்டுக்குக் கிளம்பிடுவாங்க, இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

"வாடா," என்றார் அப்பா.

அவள் அசையவில்லை. "இது பழசு."

அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே ஏறி வந்து, அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் முழங்காலில் கை வைத்தார். இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.

"வாடா. அப்பா கூடவே வரேன்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள், அவர் பிடித்துத் தூக்கிவிட்டார். டாக்டரம்மாவைத் தடுத்து நிறுத்த அளவுக்காரம்மா முன்னால் ஓடினார். பின்னால் அப்பாவும் மகளும் வருகிற காலடிச் சத்தம் கேட்டது.

நடந்துகொண்டிருந்தவள், "இன்னொரு தடவை சொல்லுப்பா" என்றாள்.