பார்த்துவிட்டுப் போனவர்கள்

ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது இழுத்து மூடப்பட்டுவிட்ட ஒரு நட்புத் தளத்தில்தான் அப்போது என் வகுப்பே குடியிருந்தது. நானும் ஒரு கணக்குத் தொடங்கினேன். மறுநாளே பதினேழு பேர் நட்பு கேட்டிருந்தார்கள். மிஸ் வேறு, ஃப்ரெண்டு வேறு என்று வகுப்பில் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, பதினேழு பேரையும் மறுத்தேன். அந்தக் கண்டிப்பில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பக்கமாகப் போய்ப் படிப்பேன். யார் யாருக்கு என்ன எழுதினாலும் அந்தத் தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும். நட்பு வேண்டாம், வேவு போதும் என்று நான் கோடு கிழித்திருந்தேன். அதற்குப் பொறுப்பு என்று பெயரும் வைத்திருந்தேன்.

ஒருத்தி தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நர்ஸ் ஆக வேண்டும் என்று முதல் நாளே என்னிடம் சொன்னவள். அப்பா விவசாயி. பிளஸ் டூவுக்கு மேல் அனுப்புவாரா என்பது அவளுக்கே தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்காருவாள்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை அவள் பக்கத்தில் ஒரு வாலிபன் எழுதியிருந்தான். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, வீட்டில் சொல்லாதே. படத்தில் கூலிங் கிளாஸ் போட்டு பைக்கில் சாய்ந்திருந்தான். சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம் அவளே ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டு, கிளாஸுக்குப் போ என்று விரட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் படித்தது தெரிந்துவிடுமே. அட்மிஷன் பதிவேட்டில் நம்பரைத் தேடி எடுத்து அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

திங்கட்கிழமை அவர் ஒரு பை நிறைய அவரைக்காயோடு பள்ளிக்கு வந்தார். அந்தக் கூலிங் கிளாஸ்காரன் அவருடைய கடைசி மச்சினனாம், அவளுக்குத் தாய்மாமன். சிப்காட்டில் வேலை. சனிக்கிழமை ஷிப்ட் இல்லாததால், பெங்களூரில் நர்சிங் காலேஜில் இடம் கேட்க அவளைக் கூட்டிப் போக இருந்தானாம். இவர் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கிவிட்டார்.

"நல்ல நேரத்துல சொன்னீங்க மேடம். இல்லன்னா சேத்துட்டுத்தான் வந்திருப்பான்" என்றார்.

அவள் படிக்கட்டும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பரீட்சை எழுதட்டும், அப்புறம் வீட்டோடு இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடைசி மணி அடித்ததும் அவள் வந்தாள். அழவில்லை.

"நீங்க தெனமும் வந்து படிக்கறது எனக்குத் தெரியும் மிஸ். உங்க பேரு அங்க நிக்கும். உங்களுக்குத் தெரியட்டும்னுதான் மாமா எழுதனத அழிக்காம வுட்டன். என்னக் கேப்பீங்கன்னு நெனச்சன். எங்கப்பாவக் கேப்பீங்கன்னு நெனக்கல."

யார் வந்து பார்த்தார்கள் என்று அந்தத் தளம் ஒவ்வொருவர் பக்கத்திலும் பெயரைப் போட்டுக் காட்டுமாம். வகுப்பு முழுவதற்கும் இது தெரிந்திருக்கிறது. என் பக்கத்திலும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. நட்புக்கு ஆள் சிபாரிசு செய்கிறார்கள் என்று நினைத்து நான் அதைப் படித்ததே இல்லை.

அன்று மாலை படித்தேன். முதல் பெயர் அவளுடையது. நான் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று பார்க்க வந்திருப்பாள். வெட்கத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

பரீட்சைக்குப் பிறகு இரண்டு முறை அவள் ஊருக்குப் போய்ப் பேசினேன். மரியாதையாகக் காபி கொடுத்தார்கள், காலேஜுக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையை அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார், அந்தத் தடவையும் ஒரு பை அவரைக்காயோடு.