கடைசி அறைக்குப் போகும் ஒயர்

மூடியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிய பிறகுதான் ஒயர்காரர் அதை ஒயரில் திருகுவார். கட்டைவிரல் நுனி அளவுள்ள உலோக மூடி. "சில்லுனு வெச்சா பிடிக்காது" என்பார். யாருக்குப் பிடிக்காது என்று கேட்டால் ஒரு முறைப்பு, அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரே கறுப்பு ஒயரில் கோத்தவை. சுவர்களைத் துளைத்து அறைக்கு அறை போகும் அந்த ஒயரின் இரண்டு முனைகளிலும் மூடி இருந்தாக வேண்டும். ஒன்று கழன்றாலும் மொத்த அலுவலகமும் வாயடைத்துப் போகும். "முனை திறந்து கிடந்தா, சொன்ன பேச்சு முட்டிக்கிட்டுத் திரும்பி வந்துடும். தான் சொன்னது தனக்கே வந்தா, பாவம், என்ன பண்ணுவாங்க?" என்பார் ஒயர்காரர்.

ஒயரின் ஒரு முனை முடியும் கடைசி அறையில் அவர் மனைவி வேலை பார்த்தாள். அவள் இறந்ததும் கணினியை எடுத்துவிட்டு அறையைப் பூட்டினார்கள். ஒயரை மட்டும் அவர் எடுக்கவில்லை. அதுமுதல் அவ்வப்போது எல்லாத் திரைகளும் அப்படியே உறைந்துவிடும். சாவி இருப்பது அவரிடம்தான். போய்த் திறந்தால், மூடி கழன்று மேசை நடுவில் நிற்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பயம் வரவில்லை அவருக்கு. அந்தச் சூட்டுக்காகவே வேலைக்கு வந்துகொண்டிருந்தார், பாவி மனுஷர்.

மேலாளருக்குப் பொறுமை போயிற்று. "இன்னிக்கே அந்த ரூமைக் கழட்டி விடுங்க. உங்களால முடியலைன்னா வேற ஆளைக் கூப்பிடறேன்."

வேறு கை அதில் படுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பக்கத்து அறையில் குந்தி, கடைசி அறைக்குள் போகும் ஒயரைத் தானே கழற்றினார். கழற்றிய இடத்தில் மூடி போட்டதும் திரைகள் உயிர்பெற்றன.

"அப்பாடா, விட்டது சனியன்!" என்றார் கணக்காளர். ஒயர்காரருக்குச் சுருக்கென்றது.

"மிச்சத்தையும் உருவிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு மேலாளர் போனார்.

சுவர்த் துளையில் தொங்கிய ஒயரை இழுத்தார். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். உள்ளேயிருந்து மெல்ல இழுபட்டது, தூக்கத்தில் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது போல.

அவர் பிடியைத் தளர்த்தினார். எதனோடும் சேராத அந்த ஒயருக்கு இனி மூடியே தேவையில்லை. இருந்தும் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, சூடேறட்டும் என்று காத்திருந்தார்.